முறிந்த கால் தப்புமா? முதல் ஒரு மணி நேரமும் அதன் பின் வரும் மாதங்களும்

கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், சுபாங், பெட்டாலிங் ஜெயா வழியாகக் கோலாலம்பூர் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித் தடம் இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்போர் அனைவருக்கும் தெரியும். 1970ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட அந்தத் தடம் பின்னர் நீட்டிக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாகப் பேராசிரியர் ரடின் உமார் தலைமையிலான ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட்ட வேண்டும் என்று 1992இல் வந்த விதியால் கிடைத்த பலனையும் அவர்தான் ஆராய்ந்தார். இன்று நம் பிள்ளைகள் பட்டப்பகலில் விளக்கு எரிய மோட்டார் ஓட்டுவதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு உண்டு.

ஆனாலும் விபத்துகள் நின்றபாடில்லை. 2019ஆம் ஆண்டில் நாட்டில் 6,167 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் இப்படி உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு பெருநாள் காலத்திலும் செய்தியாகிறது. பிழைத்தவர்களின் கதையோ "காயங்களுடன் உயிர் தப்பினார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பிறகுதான் ஒரு குடும்பத்தின் ஓராண்டு, சில வேளைகளில் ஈராண்டு, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே கழிகிறது.

அப்படிக் கழியும் காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓர் எலும்பு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓடும் கணைக்கால் எலும்பு அது. விரலால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குத் தோலை ஒட்டியே அது இருக்கிறது. முன்பக்கம் சதை இல்லை. கீழ்ப்பகுதியில் இரத்த ஓட்டமும் குறைவு. காரின் முன்பகுதிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் கால் சிக்கினால், எலும்பு உடைவதோடு தோலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இதை மருத்துவர்கள் திறந்த முறிவு என்கிறார்கள். தோல் கிழியாத முறிவும் திறந்த முறிவும் ஒன்றல்ல. திறந்த முறிவில் சாலை மண்ணும் கால்வாய் நீரும் கிருமிகளும் நேராக எலும்புக்குள் போய்விடுகின்றன.

ஆறு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

திறந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அறையில் சுத்தம் செய்தாக வேண்டும் என்பது பல தலைமுறை மருத்துவர்கள் மனப்பாடம் செய்த விதி. அதன் வேர் 1898இல் இருக்கிறது. பிரெடரிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்துக்குள் வெட்டிச் சுத்தம் செய்தால் அவை பிழைப்பதைக் கண்டார். ஆன்டிபயோட்டிக் மருந்தே இல்லாத காலத்தில் விலங்குகளிடம் செய்த அந்தச் சோதனை, நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களுக்கான சட்டமாக நீடித்தது.

அண்மைக் கால ஆய்வுகள் இந்தக் கணக்கை மாற்றி எழுதியுள்ளன. அமெரிக்காவில் எட்டுப் பெரிய மருத்துவமனைகளில் கால் கடுமையாகச் சிதைந்த 315 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளியானது. அறுவை அறைக்குப் போக எத்தனை மணி நேரம் ஆனது என்பதற்கும் பின்னர் கிருமி தொற்றியதற்கும் அதில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஆனால், முழுச் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதற்குத் தொடர்பு இருந்தது. 2015இல் வந்த மற்றோர் ஆய்வு, கணைக்கால் எலும்பின் மிக மோசமான திறந்த முறிவுகளில் முதல் ஆன்டிபயோட்டிக் ஊசி 66 நிமிடங்களுக்கு மேல் தாமதமானால் தொற்று கூடுவதைக் காட்டியது.

பிரிட்டனில் இப்போது நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல் இதற்கேற்ப அமைந்துள்ளது. முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயோட்டிக் மருந்து தரப்பட வேண்டும். பலத்த மோதலில் உண்டான திறந்த முறிவுக்கு 12 மணி நேரத்துக்குள் அனுபவமிக்க மருத்துவர்கள் சுத்தம் செய்ய வேண்டும். 72 மணி நேரத்துக்குள் எலும்பைச் சதையால் மூட வேண்டும். சாக்கடை, வயல், கால்நடைக் கழிவு ஆகியவற்றால் மிகவும் அழுக்கான காயமும், இரத்தக் குழாய் அறுந்த காலும் காத்திருக்கக் கூடாது. அவை உடனே அறுவை அறைக்குப் போக வேண்டியவை.

இது பந்திங், தஞ்சோங் காராங், கேரித் தீவு போன்ற இடங்களில் வசிப்போருக்கு முக்கியமான செய்தி. மாவட்ட மருத்துவமனையில் முதல் ஊசியும் ஏற்புவலி தடுப்பூசியும் போட்டு, காயத்தை மூடி, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவதாகச் சொன்னால், "இங்கேயே பாருங்கள், கிளினிக்கில் கட்டிக்கொள்கிறோம்" என்று குடும்பத்தார் தடுப்பது காலுக்கு நல்லதல்ல. அனுப்புவதில்தான் நன்மை இருக்கிறது என்பதைத்தான் அந்த 2010 ஆய்வும் சொல்கிறது.

காப்பித்தூள், மஞ்சள், சவர்க்காரம்

வெட்டுக் காயத்தில் காப்பித்தூளை அப்புவதும் மஞ்சள் வைப்பதும் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான கைவைத்தியம். டிரெசர் வருவதற்குள் இரத்தத்தை நிறுத்த அன்று வேறு வழியும் இருந்திருக்காது. எலும்பு தெரியும் காயத்தில் இதைச் செய்தால், அறுவை அறையில் மருத்துவர்கள் அந்தத் தூளையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

காயத்தை எதனால் கழுவுவது என்பதில் மருத்துவர்களுக்கே நெடுநாள் குழப்பம் இருந்தது. சவர்க்காரக் கரைசல் கிருமியை நன்றாக நீக்கும் என்று பலர் நம்பினர். வேகமாகப் பீய்ச்சினால் அழுக்குப் போகும் என்று வேறு சிலர் விலை கூடிய பம்புகளைப் பயன்படுத்தினர். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நார்வே, இந்தியா ஆகிய நாடுகளில் 41 மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வு அதற்கு விடை தந்தது. சுமார் 2,450 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது, சவர்க்காரக் கரைசலால் கழுவப்பட்டவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. வெறும் உப்பு நீரால் கழுவப்பட்டவர்களில் அது 11.6 விழுக்காடு. வேகமாகப் பீய்ச்சியதாலும் தனிப் பலன் எதுவும் இல்லை. மலிவான உப்பு நீரும் மெதுவான ஓட்டமுமே போதும் என்று முடிவானது. ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கு இதைவிட நல்ல சேதி வேறில்லை.

இது அறுவை அறைக்கான முடிவு. சாலையோரத்தில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 999 எண்ணை அழைப்பது, இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவது, வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாமல் அப்படியே மூடுவது, காலை அசையாமல் அட்டையோ பலகையோ வைத்துத் தாங்கலாகக் கட்டுவது. தண்ணீர், காப்பி எதையும் குடிக்கக் கொடுக்காமல் இருப்பது நல்லது. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும்.

மேரு, காப்பார், ஷா ஆலாம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் விரல் துண்டாகும் விபத்துகளுக்கு ஒரு குறிப்பு. துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் ஐஸ்மீது வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து, ஒட்ட வைக்கும் வாய்ப்புக் கெட்டுவிடும்.

இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் எலும்பு முறிவென்றால் "புத்தூர் கட்டு" நினைவுக்கு வராதவர் குறைவு. ஆந்திராவின் புத்தூர் பெயரில் சென்னையில் பல தெருக்களில் பலகை தொங்குகிறது. இங்கே நம்மவர்கள் சுளுக்கு எடுப்பவரிடமும் மலாய்க்காரர்களின் உருட் நிலையங்களுக்கும் போகிறார்கள். சுளுக்குக்கும் தசைப் பிடிப்புக்கும் பலர் அங்கே நலம் பெறுகிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. முறிந்த கணைக்கால் வேறு விஷயம்.

கணைக்காலின் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. எலும்பு உடைந்து உள்ளே இரத்தம் கசிந்தால் உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் தசைக்குள் இரத்தம் போகாது. கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம் எனப்படும் இந்த நிலையில், சில மணி நேரத்தில் தசையும் நரம்பும் சாகத் தொடங்குகின்றன. தோல் கிழியாத, வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் முறிவிலும் இது வரும். இளம் ஆண்களுக்கே ஆபத்து அதிகம். மூங்கில் பட்டையும் துணியும் வைத்து இறுக்கினாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டே இறுகிப்போனாலும் அழுத்தம் இன்னும் ஏறும்.

அடையாளம் வலி. மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கால் விரலை யாராவது மெல்ல நீட்டினாலே அலற வைக்கும் வலி. பிறகு விரல்கள் மரத்துப்போகும். "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்லும் ஒரு சொல் காலையே பறித்துவிடலாம். உரிய நேரத்தில் தசை உறையை நீளமாகத் திறந்துவிட்டால் கால் பிழைக்கும். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய வலி இது.

காலை வைப்பதா, எடுப்பதா?

குடும்பத்தின் முன் வைக்கப்படும் கேள்விகளில் இதைவிடக் கொடியது இல்லை. கையெழுத்துக் கேட்கும் தாளை நீட்டும்போது "எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்க எல்லாருக்கும் துணிவு வருவதில்லை. கேட்கலாம். அந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் விடைகளில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

1978இல் சண்முகநாதன், கனகவல்லி தம்பதியர் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரனும் அவருடைய சகோதரரும் ஒட்டறுவை மருத்துவருமான ராஜா சபாபதியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து சிகிச்சை அளித்து வந்தனர். அதுவரை பரவலாகப் பயன்பட்ட மதிப்பெண் முறை 1990இல் அமெரிக்காவில் உருவானது. இரத்த ஓட்டம் நின்ற கால்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. இரத்தம் ஓடிக்கொண்டிருந்தும் தோல், எலும்பு, தசை மூன்றும் நசுங்கிப்போன கால்களுக்கு அது சரியாக வழிகாட்டவில்லை. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டு வந்தவை பெரும்பாலும் இரண்டாம் வகைக் கால்கள்.

கங்கா குழுவினர் 109 கணைக்கால் திறந்த முறிவுகளை ஆராய்ந்து 2006இல் தங்கள் மதிப்பெண் முறையை வெளியிட்டனர். தோலுக்கு 1 முதல் 5, எலும்புக்கு 1 முதல் 5, தசை நரம்புக்கு 1 முதல் 5. அதற்கு மேல் ஏழு பாதகங்கள், ஒவ்வொன்றுக்கும் 2. மருந்து சாப்பிடும் நீரிழிவு அல்லது இதய நுரையீரல் நோய், 65 வயதைக் கடந்திருப்பது, சாக்கடை அல்லது கழிவு கலந்த காயம், சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, வரும்போதே இரத்த அழுத்தம் மிகவும் விழுந்திருப்பது, உடலின் மற்ற இடங்களில் கடுங்காயங்கள், அதே காலில் இன்னொரு பெருங்காயம் ஆகியவை அந்த ஏழு. மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. இடைப்பட்ட 15, 16 இரண்டும் மருத்துவரின் அனுபவத்துக்கும் நோயாளியின் நிலைக்கும் விடப்பட்ட சாம்பல் நிறப் பகுதி. எல்லாவற்றையும் எண்ணால் தீர்த்துவிட முடியாது என்று ஒப்புக்கொண்டதுதான் இந்த முறையின் நேர்மை.

இந்தப் பட்டியலில் நீரிழிவு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அவர்களுள் மருந்து சாப்பிட்டு வருபவர் திறந்த முறிவோடு வரும்போது, காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு மதிப்பெண் ஏறிவிடுகிறது.

காலை வைத்துக்கொண்டவர்கள் எடுத்தவர்களைவிட நன்றாக வாழ்கிறார்களா? அமெரிக்காவில் 569 பேரை ஈராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002இல் வெளியானபோது பலர் அதிர்ந்தனர். ஈராண்டு முடிவில் இரு தரப்பினரின் நடமாட்டமும் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வேலைக்குத் திரும்பியவர்கள் இரு தரப்பிலும் பாதியளவே. காலைக் காப்பாற்றிக்கொண்டவர்கள்தான் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தனர். யார் நன்றாகத் தேறினார்கள் என்பதை முறிவின் கடுமையைவிட வேறு சில காரணங்கள் தீர்மானித்தன. கல்வி, வருமானம், காப்புறுதி, அருகில் துணை நிற்கும் மனிதர்கள், தன்னால் முடியும் என்ற எண்ணம், புகைப்பழக்கம். மருத்துவர்கள் கத்தியால் மாற்ற முடியாதவை இவை. அண்ணன் ஒருவர் வாரம் இருமுறை இயன்மருத்துவத்துக்குக் காரில் ஏற்றிப் போவதும் சிகிச்சையே என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நெடுநாள் சீழும் சிகரெட்டும்

கம்பி வைத்து, சதை மூடி, வீடு திரும்பிய பின்னும் கணைக்கால் எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து, சிகரெட்டைக் கீழே போடுவது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியில், புகைப்பவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு 37 விழுக்காடு குறைந்தது. தொற்று இரு மடங்குக்கு மேல் கூடியது. எலும்புக்குள் சீழ் பிடிப்பது 3.7 மடங்கானது. வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் கீழே இறங்கிப் போய்ப் புகைத்துவிட்டு வரும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

எலும்பில் தொற்று வந்தால் ஆறு வாரம் நரம்பு ஊசி என்பது பழைய வழக்கம். படுக்கையிலேயே கிடப்பதால் வேலையும் போகும். பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, தக்க மாத்திரைகளும் ஊசிக்குக் குறையாத பலன் தருவதைக் காட்டியது. எல்லாக் கிருமிக்கும் மாத்திரை பொருந்தாது. ஆனால் "மாத்திரைக்கு மாற முடியுமா, வீட்டிலிருந்து தொடர முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்பது இனி அறியாமை அல்ல.

காயத்தின்மேல் பஞ்சு வைத்துக் குழாய் மூலம் உறிஞ்சும் கருவியும் இப்போது பரவலாக இருக்கிறது. கால்களில் கடுமையான திறந்த முறிவு கண்ட 460 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, சாதாரணக் கட்டுப் போட்டவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. அந்தக் கருவிக்காகக் கடன் வாங்க நினைக்கும் குடும்பம், அது இந்தக் காயத்துக்கு ஏன் தேவை என்று ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. இரத்தம் உறைவதைத் தடுக்கப் போடும் ஊசியிலும் அப்படியே. 12,211 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மாத்திரை உயிரிழப்பைத் தடுப்பதில் ஊசிக்கு ஈடாக இருந்தது. கால் நரம்பில் உறைவு மட்டும் சற்றுக் கூடுதல். இது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினைத் தானாக விழுங்குவது வேறு.

பணமும் தாள்களும்

அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவு என்றாலும், எலும்புக்குள் வைக்கும் கம்பி, தகடு ஆகியவற்றை நோயாளியே வாங்க வேண்டிய நிலை பல நேரங்களில் வருகிறது. கையில் பணம் இல்லை என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு முன், அதே மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும். உதவிக்கான விண்ணப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நடந்த விபத்தென்றால் சொக்சோ எனப்படும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் உரிமை இது. யாரும் போடும் பிச்சை அல்ல. வழியில் வேறு காரியத்துக்காகத் திரும்பியிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம் என்பதால், விபத்து நடந்த இடத்தையும் வழியையும் போலீஸ் புகாரில் சரியாகச் சொல்வது முக்கியம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாள் இருந்தால், கணக்கிடப்பட்ட சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடக்க உதவியாகக் கிடைக்கும். கால் எடுக்கப்பட்டவருக்குச் செயற்கைக் கால், இயன்மருத்துவம், வேலைக்குத் திரும்பும் திட்டம் ஆகியவையும் இதில் அடங்கும். மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையம் இதற்காகவே இயங்குகிறது. உணவு விநியோகிப்போரும் டாக்சி ஓட்டுநர்களும் முதலாளி இல்லாதவர்கள் என்பதால், 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். விபத்து நடந்த மறுநாள் கட்டிப் பயனில்லை.